ஐந்தேகால் என்றால் இருபத்தொரு கால்

பாலக்காட்டில் தமிழக எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தமிழ்வழியில் படித்துவிட்டுக் கேரள பி.எஸ்.சி. எழுத்தர் தேர்வுக்குத் தயாராகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். முதல் முறை தேர்வு எழுதியபோது 5 1/4-இலிருந்து 2 3/4-ஐக் கழிக்கச் சொல்லி ஒரு கேள்வி வந்தது. ஐந்தில் இரண்டு போனால் மூன்று, முக்காலில் கால் போனால் அரை என்று கணக்கிட்டு 3 1/2-ஐக் குறித்தேன். அந்த விடை கொடுக்கப்பட்ட நான்கில் ஒன்றாக இருந்ததால் சந்தேகமே எழவில்லை. வினா தயாரிப்பவர்கள் நாம் எங்கே சறுக்குவோம் என்று தெரிந்தே அந்த விடையையும் வைக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். பால் கறந்து ஊற்றுகிறவர் அவர். "ஐந்தேகால் லிட்டர் பாலைக் கால் லிட்டர் குவளையில் எத்தனை முறை ஊற்றலாம்?" என்று கேட்டார். லிட்டருக்கு 4 குவளை, ஐந்து லிட்டருக்கு 20, மிச்சக் கால் லிட்டருக்கு ஒன்று. ஆக 21. "இரண்டேமுக்கால்?" என்றார். 11 குவளை. 21-இல் 11 போனால் 10 குவளை, அதாவது இரண்டரை லிட்டர். பள்ளியில் "முழு எண்ணைப் பகுதியால் பெருக்கு, தொகுதியைக் கூட்டு, பகுதியை அப்படியே எழுது" என்று மனப்பாடம் செய்த விதி, அதுவரை எனக்கு வெறும் மந்திரமாகத்தான் இருந்தது. பின்னத்தின் கீழே உள்ள பகுதி என்பது குவளையின் அளவு, மேலே உள்ள தொகுதி என்பது எத்தனை குவளை என்கிற கணக்கு. பால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அளக்கும் பாத்திரம் மட்டும்தான் மாறியது.

திரும்பி வருவதும் அதே வழிதான். 38/7 என்றால் ஏழில் ஒரு பங்கு அளவுள்ள துண்டுகள் 38 இருக்கின்றன. ஏழேழாகக் கட்டினால் 5 கட்டு, மீதி 3. ஆகவே 5 3/7. ஈவையும் மீதியையும் இடம் மாற்றி 3 5/7 என்று எழுதுபவர்கள் நிறைய. 5 × 7 + 3 = 38 என்று ஒரு முறை திரும்பப் போட்டுப் பார்த்துவிடுங்கள். மூன்று நொடி போதும்.

இன்னொரு குழப்பம் எழுதும் முறையிலேயே இருக்கிறது. 5 1/4 என்று எழுதும்போது நடுவில் கூட்டல் குறி இல்லை. இயற்கணிதத்தில் 5x என்றால் பெருக்கல் என்று பழகிய கண், இதையும் பெருக்கலாகப் படித்துவிடுகிறது. ஆனால் நாம் வாயால் சொல்லும்போது "ஐந்தேகால்" என்கிறோம். அந்த "ஏ"தான் கூட்டல் குறி. மலையாளத்திலும் ஒன்னேகால், ஒன்னேமுக்கால் என்றுதான் சொல்கிறார்கள். எல்லையின் இரு பக்கமும் சந்தையில் பேசுவது முழு எண்ணும் பின்னமும் சேர்ந்த கலப்புப் பின்னம்தான் என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் விஷயம்.

பயிற்சி வகுப்பு மலையாளத்தில் என்றால் சொற்களை முதல் நாளே பொருத்தி வைத்துக்கொள்ளுங்கள். தொகுதி அங்கே அம்சம், பகுதி சேதம். கலப்புப் பின்னம் மிஸ்ரபின்னம், தகா பின்னம் விஷமபின்னம். தகா, விஷம என்ற பெயர்களைக் கேட்டு அந்த எண்ணில் ஏதோ குறை இருப்பதாக நினைக்க வேண்டாம். தொகுதி பகுதிக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்கிறது, அவ்வளவுதான். கணக்குப் போட அதுதான் வசதியான வடிவம்.

குறிப்பாகப் பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் தகா பின்னமாக மாற்றாமல் கை வைக்காதீர்கள். 2 1/3 × 3 2/5 என்று வந்தால் முழு எண்களைத் தனியாகவும் பின்னங்களைத் தனியாகவும் பெருக்கி 6 2/15 என்று எழுதத் தோன்றும். 7/3 × 17/5 = 119/15, அதாவது 7 14/15 என்பதே சரி. 2 1/3-ஐ வெறும் 3-ஆல் பெருக்கினாலே 7 வந்துவிடுகிறது, 6 சொச்சம் எப்படி விடையாகும்? எதிர்ம எண்ணிலும் கவனம் வேண்டும்: −2 1/3 என்பது −7/3, −5/3 அல்ல. எது பெரியது என்று கேட்டால் மட்டும் எதிர்த்திசையில் போங்கள். 47/6, 61/8 இரண்டையும் 7 5/6, 7 5/8 என்று மாற்றினால், ஆறில் ஐந்துதான் பெரியது என்று பார்த்தவுடனே தெரியும். கூட்டலுக்கு எந்த வடிவமும் சரி.

இந்தத் தேர்வின் மதிப்பெண்ணே ஒரு பின்னக் கணக்குதான். சரியான விடைக்கு 1, தவறுக்கு 1/3 கழிவு. இரண்டாம் முறை எழுதிவிட்டு, விடைக்குறிப்பு வந்த அன்று இரவு உட்கார்ந்து எண்ணினேன்: 68 சரி, 23 தவறு, மற்றவை தொடாதவை. 23/3 என்றால் 7 2/3. 68-ஐ 67 3/3 என்று உடைத்துக்கொண்டு கழித்தால் 60 1/3. அந்த 23-இல் பின்னக் கணக்கு எதுவும் இல்லை என்று அம்மாவிடம் சொன்னபோது, அவர் காலைப் பாலுக்குக் குவளையைக் கழுவிக்கொண்டிருந்தார்.