ஷேடோ வேட்டை: பெடல் கணக்குல ஒரு வண்டி தேறிடுச்சு

நார்ஃபோக் பக்கம் போய்ப் பாத்த 1978 ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோ டூ பெடல் கணக்குல தேறிடுச்சு. பெடல் கணக்குன்னா இன்ஜினை நிறுத்திட்டு பிரேக்கை மிதிச்சு மிதிச்சு, எத்தனாவது மிதியில பிரஷர் குறைஞ்சதுன்னு எச்சரிக்கை லைட் எரியுதுன்னு எண்ணறது, எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. ரெண்டு பிரேக் சர்க்யூட்ல ஒண்ணோட லைட் 17-ஆவது மிதியில எரிஞ்சுது, இன்னொண்ணு 50 தாண்டியும் எரியல, அதுக்கு மேல போதும்னு நானே நிறுத்திட்டேன். இதுவரைக்கும் பாத்ததுல பெரும்பாலும் ரெண்டு லைட்டுமே பத்துக்குள்ள பளிச்சுனு எரியற வண்டிங்கதான், அதனால இதை எழுதியே ஆகணும். அட்வான்ஸ் கொடுத்தாச்சு, ராம்ப்ல ஏத்தி அடிப்பக்கம் பாத்தப்புறம்தான் மீதிப் பணம்னு பேச்சு.

லண்டன் பஸ் கராஜ்ல ஸ்பேனர் பிடிச்சே சர்வீஸ் முழுக்க ஓடிடுச்சு, ரிட்டையர் ஆனா ஒரு பழைய பிரிட்டிஷ் லக்சுரி வண்டி வாங்கி நானே கைவேலை பாத்து வச்சுக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. ஜாகுவார் எக்ஸ்ஜே6 சீரிஸ் த்ரீ மேலயும் கண்ணு இருந்துச்சு, ஓட்டறதுக்கு அதுதான் சுகம், அந்த 4.2 லிட்டர் எக்ஸ்கே இன்ஜினை எனக்கு நல்லாத் தெரியும், ஆனா நான் பாத்ததுல எல்லாம் துரு பிடிச்சு, கதவுக்குக் கீழ இருக்கற சில்லும் வீல் ஆர்ச்சும் கையோட வந்துடும் போல இருந்துச்சு. லெஸ்டர் நண்பர் "அண்ணே, ஷேடோவுக்கு அடுத்து வந்த சில்வர் ஸ்பிரிட் பாருங்க, அது மினரல் ஆயில் சிஸ்டம், தலைவலி கம்மி"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அவர் சொல்றது நியாயம்தான். ஆனா ரோல்ஸ் ராய்ஸ் டிசைனர் ஜான் பிளாட்ச்லி வரைஞ்ச அந்த ஷேடோ பாடியோட அளவான அழகு ஸ்பிரிட்ல வரலன்றது என் அபிப்பிராயம், இதுல நான் இறங்கி வர்றதா இல்ல. ஷேடோலயும் 1977-லேர்ந்து வந்த டூதான் வேணும்னு இருந்தேன், ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங்குக்காக. முதல் ஷேடோவை மோட்டர்வேல ஓட்டிப் பாத்துட்டு டூவை ஓட்டினா அந்த வித்தியாசம் கைக்கே தெரியும்.

சரி, பெடல் கணக்குக்கு வரேன். ஷேடோ வாங்கப் போறவங்க பெயிண்டைப் பாக்கறாங்க, தோலைப் பாக்கறாங்க, வால்நட் பலகையில விரிசல் இருக்கான்னு தடவிப் பாக்கறாங்க. அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். இந்த வண்டியில பிரேக்குக்கு வேக்யூம் பூஸ்டர் கிடையாது. இன்ஜினோட வி நடுவுல ரெண்டு சின்ன பம்ப், கேம்ஷாஃப்ட் தள்ளித்தான் ரெண்டும் வேலை செய்யும். ஒவ்வொரு பம்புக்கும் ஒரு அக்யூமுலேட்டர், அதான் அந்த உருண்டை, நாங்க ஸ்பியர்னுதான் சொல்லுவோம். உள்ள ஒரு ரப்பர் சவ்வு, அதுக்கு ஒரு பக்கம் 1,000 பிஎஸ்ஐ நைட்ரஜன், மறுபக்கம் பம்ப் தள்ற ஃப்ளூயிட், 2,500 பிஎஸ்ஐ வாக்குல நிக்கும். சிட்ரோயன்கிட்ட லைசென்ஸ் வாங்கிச் செஞ்ச ஏற்பாடு. பின்பக்கம் தாழாம தூக்கிப் பிடிக்கற லெவலிங்கும் இதே பிரஷர்லதான் ஓடுது. ஷேடோ டூல பிரஷர் இல்லன்னா கால் பிரேக்கே இல்ல, ஹேண்ட்பிரேக் ஒண்ணுதான். ரெண்டு டன்னுக்கு மேல இருக்கற வண்டி இது, அதனால இந்த விஷயத்துல எனக்கு விளையாட்டே கிடையாது.

வருஷம் ஆக ஆக அந்த நைட்ரஜன் மெல்லக் கசிஞ்சு போயிடும். இன்ஜின் ஓடற வரைக்கும் பம்ப் தள்ளிக்கிட்டே இருக்கறதால ஓட்டறவருக்கு ஒண்ணும் தெரியாது, பிரேக் நல்லாவே பிடிக்கும். இன்ஜின் நின்னப்புறம் கையிருப்பு எவ்வளவு இருக்குன்றதுதான் கேள்வி. பஸ்ல ஏர் பிரேக்குக்கு தினமும் செஞ்ச வேலைதான் இது, இன்ஜினை நிறுத்திட்டு பெடலை மிதிச்சு மிதிச்சு எப்ப பஸர் கத்துதுன்னு பாப்போம். அதே புத்திதான் இங்கயும் வேலை செய்யுது.

நான் செய்யற முறை இதுதான். வண்டி ராத்திரி முழுக்க நின்னு குளிர்ந்து இருக்கணும், இதை போன்லயே சொல்லிடுவேன். போனதும் முதல்ல பானட்ல கை வைப்பேன், சூடா இருந்தா அப்பவே சந்தேகம்தான். ஸ்டார்ட் பண்ணதும் ரெண்டு பிரேக் லைட்டும் எவ்வளவு நேரத்துல அணையுதுன்னு பாக்கணும், ரொம்ப நேரம் இழுத்தா பம்பும் களைச்சுப் போச்சுன்னு அர்த்தம். அஞ்சு நிமிஷம் ஓட விட்டு நிறுத்தி, இக்னிஷன் மட்டும் போட்டு, பெடலை ஒரே அழுத்தமா மிதிச்சு முழுசா விடணும். அரை மிதி மிதிச்சா கணக்கு பொய்யாயிடும், இதை அழுத்தமாவே சொல்றேன், ஏன்னா சில பேர் பொத்தான் அமுக்கற மாதிரி தட்டிட்டு "நாப்பது வருது பாருங்க"ன்றாங்க. எந்த லைட் எத்தனாவது மிதியில வருதுன்னு தனித்தனியா எழுதிக்கணும். எங்க ஆளுங்க வச்சிருக்கற கணக்குப்படி நல்ல ஸ்பியர்னா 50-க்கு மேல போகும், 20-க்குக் கீழ வந்தா மாத்தற வேலை வந்துடுச்சு, பத்துக்குள்ளன்னா அந்த வண்டியை வீட்டுக்கு ஓட்டிட்டு வராதீங்க, டிரெய்லர்ல ஏத்துங்க.

லண்டனுக்கு வெளிய ஒரு டீலர்கிட்ட தேன் கலர்ல ஒரு வண்டி, பார்வைக்கு அப்படி ஒரு பளபளப்பு. ஃபைல் நிறைய ஸ்டாம்ப் அடிச்ச சர்வீஸ் புக். பானட் கொதிக்கக் கொதிக்க இருந்துச்சு. டெஸ்ட் பண்ணணும்னு சொன்னதும் பேட்டரி இறங்கிடும், டைம் இல்ல, யாரும் இப்படிக் கேட்டதில்லன்னு ஆயிரம் காரணம். விடாம நின்னு மிதிச்சா ஆறாவது மிதியில ரெண்டு லைட்டும் ஒண்ணா எரிஞ்சுது. 20,000 பவுண்டுக்கு மேல போர்டு மாட்டி ஜனங்க உயிரோட சம்பந்தப்பட்ட சாமானை இப்படி வச்சிருக்கறது மகா தப்பு. அந்தப் பணத்துக்கு ஒரு குடும்பம் நம்பி வாங்கிட்டுப் போய் ஏ1 நெடுஞ்சாலையில ஏத்தினா என்ன ஆகும்?

ஃப்ளூயிட் பத்தியும் சொல்லியாகணும். ஷேடோவுக்கு ஆர்ஆர்363 மட்டும்தான். பிரேக் ஃப்ளூயிட் வகைதான், ஆனா பம்புக்கு வழவழப்பு சேர்க்கறதுக்காக விளக்கெண்ணெய் சமாசாரம் கலந்தது. 1980-ல வந்த ஸ்பிரிட்லேர்ந்துதான் பச்சை கலர் மினரல் ஆயில், எல்எச்எம். இந்த ரெண்டையும் மாத்தி ஊத்தினா சீல் எல்லாம் ஊதிப் போய் மொத்த சிஸ்டமும் காலி, பம்ப்லேர்ந்து காலிப்பர் வரைக்கும் எல்லாத்தையும் பிரிக்கணும், அந்த பில்லுல இன்னொரு வண்டியே வாங்கிடலாம். அதனால ரிசர்வாயரைத் திறந்து ஒரு வெள்ளை டிஷ்யூவை முக்கிப் பாப்பேன். லேசான மஞ்சள் பழுப்புன்னா சரி. கறுத்துப் போயிருந்தா வருஷக்கணக்கா மாத்தலன்னு அர்த்தம், தண்ணி இழுத்து உள்ள துரு பிடிச்சிருக்கும். பச்சைன்னா நன்றி சொல்லிட்டுக் கிளம்பிட வேண்டியதுதான்.

துருவுக்கு ஒரு சின்ன காந்தம், துணியில சுத்தி வச்சிருக்கேன். ஷேடோவுக்குப் புதுசா வர்றவங்க இதுல குழம்பிடுவாங்க, கதவு, பானட், டிக்கி மூடி மூணும் அலுமினியம், அங்க காந்தம் ஒட்டாது, ஒட்டவும் கூடாது. விங், சில், பின் வீல் ஆர்ச் இதெல்லாம் ஸ்டீல், அங்க ஒட்டலன்னா உள்ள புட்டி. எவர்ஃப்ளெக்ஸ்னு சொல்ற வினைல் உறை கூரைமேல போட்ட வண்டின்னா பின் கண்ணாடி ஓரத்துல விரலால அழுத்திப் பாக்கணும், மொறுமொறுன்னு சத்தம் வந்தா கீழ தகடு போயிடுச்சு. என்னைக் கேட்டா எவர்ஃப்ளெக்ஸ் இல்லாத வண்டியே பாருங்க.

எம்ஓடி, அதான் வண்டிக்கு வருஷாவருஷம் போடற தகுதிச் சோதனை, அந்த விஷயத்துல எனக்கு ஒரு ஆதங்கம். 2018 மே மாசத்துலேர்ந்து 40 வருஷம் தாண்டின வண்டிக்கு எம்ஓடி தேவையில்லன்னு ஆக்கிட்டாங்க. ரோட் டாக்ஸும் கிடையாது, லண்டன்ல புகை அதிகம் விடற வண்டிக்குப் போடற யூலெஸ் கட்டணமும் கிடையாது. லண்டன்ல இருக்கற எனக்கு இதெல்லாம் லாபம்தான், 2023 ஆகஸ்ட்ல யூலெஸ் லண்டன் முழுக்க வந்தப்புறம் இந்தச் சலுகை இல்லன்னா ஷேடோவை நினைச்சே பாத்திருக்க முடியாது. ஆனா வாங்கும்போது பெரிய இடைஞ்சல். ஆன்லைன்ல நம்பரைப் போட்டா பழைய எம்ஓடி எல்லாம் வரும், எந்த வருஷம் எவ்வளவு மைல், பிரேக் பைப் துரு, ஹோஸ் வெடிப்புன்னு அழகா இருக்கும், சலுகை கிடைச்ச வருஷத்தோட சில வண்டிக்கு அப்படியே நின்னு போகுது. அதுக்கப்புறம் அடிப்பக்கத்தை யாருமே பாக்கல. தேவையில்லன்னாலும் வருஷாவருஷம் எம்ஓடி போட்டு வச்சிருக்கறவர்கிட்ட வாங்கறதுதான் நல்லதுன்னு நான் நினைக்கிறேன், நானும் போடத்தான் போறேன்.

நார்ஃபோக் வண்டி அப்படிப்பட்ட ஆளோடதுதான். பீகாக் ப்ளூ, உள்ள மேக்னோலியா கலர் தோல், ஓட்டுனர் சீட் ஓரத்துல மட்டும் தேய்மானம். அவர் ரிட்டையர்ட் மாட்டு டாக்டர், வயசு எண்பது தாண்டிடுச்சு, முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் ஓட்ட முடியலன்னு விக்கிறாரு. நான் பெடலை மிதிக்க மிதிக்க அவரே கதவுப் பக்கத்துல நின்னு சத்தமா எண்ணிக்கிட்டு வந்தாரு. 17-ல முதல் லைட் வந்ததும் ஒண்ணுமே சொல்லாம உள்ள போய் ஒரு சின்ன நோட்டு எடுத்துட்டு வந்தாரு. பென்சில்ல பொடி எழுத்து. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஃப்ளூயிட் மாத்தினது, பின்பக்கக் காலிப்பர் பிரிச்சது, டயர், பேட்டரின்னு வரிசையா இருக்கு. 2016-ல ஒரு ஸ்பியர் மட்டும் மாத்தினதா ஒரு வரி. மத்தது "அடுத்த தடவை"ன்னு எழுதி பக்கத்துல கேள்விக்குறி. பெடல்ல நான் எண்ணினதும் அவர் நோட்டும் அச்சு பிசகாம ஒத்துப் போச்சு, எந்த ஸ்பியர் பழசுன்னு ரெண்டும் ஒரே பக்கம்தான் காட்டுது. டீலர்கிட்ட இருந்த அத்தனை ஸ்டாம்பை விட எனக்கு இந்த ஒத்துப் போன ஒரு வரி பெருசு.

லெவலிங்குக்கு என் வீட்டம்மாவையும் நண்பரையும் பின் சீட்ல உக்கார வச்சேன். இன்ஜினை ஓட விட்டதும் தாழ்ந்த பின்பக்கம் மெல்ல மேல வந்துச்சு. "என்னங்க, இந்த சீட்டை விட்டு இறங்கவே மனசு வரல, வேற வண்டி பாக்கப் போறேன்னு மட்டும் சொல்லிடாதீங்க"ன்னாங்க. பழைய ஸ்பியரைக் காரணமா வச்சுப் பேசினதுல விலையும் கொஞ்சம் இறங்குச்சு, அவர் முகம் சுளிக்கல, அதுக்குத் தகுந்த மாதிரியே நானும் ரொம்ப இழுக்கல.

சாமான் விஷயத்துல ஷேடோ வச்சிருக்கறவங்க கொடுத்து வச்சவங்க. லெஸ்டர்ஷயர்ல மார்க்கெட் பாஸ்வொர்த்ல இருக்கற ஃப்ளையிங் ஸ்பேர்ஸ்ல புதுசும் கிடைக்கும், பிரிச்ச வண்டியிலேர்ந்து எடுத்த பழசும் கிடைக்கும், நண்பர் வீட்டுக்குப் பக்கம்ன்றதால போற வழியில ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம். ரீகண்டிஷன் பண்ண ஸ்பியரை எக்ஸ்சேஞ்ச்ல வாங்கறதுதான் புத்திசாலித்தனம், அந்த உருண்டையை வீட்டுல பிரிக்கவே பிரிக்காதீங்க, உள்ள இருக்கற கேஸ் பிரஷர் ஆளைச் சாய்ச்சுடும். அப்புறம் நார்தாம்ப்டன்ஷயர்ல பாலர்ஸ்பரில இருக்கற ரோல்ஸ் ராய்ஸ் என்தூசியாஸ்ட்ஸ் கிளப், ஹன்ட் ஹவுஸ்னு சொல்லுவாங்க, அங்க சேஸிஸ் நம்பர் கொடுத்தா, வண்டி செஞ்ச க்ரூ ஊர் ஃபேக்டரி ரெக்கார்டோட காப்பி தருவாங்க. முதல் ஓனர் என்ன கலர் ஆர்டர் போட்டாருன்னு பாக்கணும், பீகாக் ப்ளூதான் ஒரிஜினலான்னு எனக்குத் தெரிஞ்சே ஆகணும். இதோட பென்ட்லி பேட்ஜ் வச்ச தங்கச்சி டி2 ஒண்ணும் கண்ணுல பட்டுச்சு, ஷேடோ டூ எட்டாயிரத்துக்கு மேல செஞ்சாங்க, டி2 ஆயிரம் கூட செய்யல, விலை கேட்டுட்டு வந்துட்டேன்.

ஹாரோல எங்க வீடு 1930-கள்ல கட்டினது, கராஜ் அந்தக் காலத்து ஆஸ்டின் செவனுக்கு அளந்து கட்டினது மாதிரி இருக்கு. ஷேடோ நீளம் 5.2 மீட்டர் கிட்ட, அகலம் 1.8 மீட்டர், உள்ள நுழைச்சா கதவு திறக்க இடம் இல்ல. அதனால குளிர் காலத்துக்கு லெஸ்டர் நண்பரோட ஒர்க்‌ஷாப் ஓரத்துல இடம் பேசியிருக்கேன், ஈரம் இல்லாத இடம், டேங்க்ல எத்தனால் கலந்த ஈ10 பெட்ரோல் இல்லாம சூப்பர் அன்லெடட் மட்டும் ஊத்தி வைக்கப் போறேன்.

ராம்ப்ல நான் முதல்ல பாக்கப் போறது ஹோஸ்தான். பிரேக் ரப்பர் ஹோஸ் வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள ஊதி அடைச்சு காலை எடுத்தப்புறமும் பிரஷரைப் பிடிச்சு வச்சுக்கும், வீல் சூடாகும். கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து நாலு வீல் கிட்டயும் கையைக் கொண்டு போனா எது இழுக்குதுன்னு தெரிஞ்சுடும். நோட்டுல ஹோஸ் மாத்தினதா எங்கயும் இல்ல, அதனால முழு செட்டுக்கு இப்பவே விலை கேட்டு வச்சிருக்கேன். பழைய ஸ்பியரைக் கழட்டறதுக்கு முன்னாடி ப்ளீட் ஸ்க்ரூவைத் திறந்து பிரஷர் முழுசா இறங்கினப்புறம்தான் ஸ்பேனர் வைக்கணும், புதுசைப் போட்டு ப்ளீட் பண்ணி முடிச்சதும் ரெண்டு லைட்டையும் மறுபடி மிதிச்சு எண்ணி அந்த நம்பரை இங்கயே போடறேன்.