மணலில் ஒரு சிறு துளை

கடற்கரையில் புலிவண்டைக் காண வேண்டுமானால், வெயில் ஏறிய பிறகு, ஈர மணலும் உலர்ந்த மணலும் சேரும் விளிம்பில் மெல்ல நடக்க வேண்டும். நாம் நெருங்குவதற்குள் அது எழும்பிச் சில அடி தள்ளி, பெரும்பாலும் நம்மைப் பார்த்தபடியே இறங்கிவிடும். மணலின் வெளிர்நிறமே அதற்கும் இருப்பதால், வண்டைவிட அதன் நிழல்தான் முதலில் கண்ணில் படும்.

இரையை நோக்கி ஓடும், சட்டென நிற்கும், மறுபடி ஓடும். அதைத் தயக்கம் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில், ஓடும் வேகத்தில் இரையின் உருவத்தைப் பிடிக்கப் போதுமான ஒளியை அதன் கண்களால் திரட்ட முடிவதில்லை. ஆகவே நின்று, இரை எங்கே என்று மீண்டும் கண்டுகொண்ட பிறகே துரத்தலைத் தொடர்கிறது. மணல் கொதிக்கும் நண்பகலில், நீண்ட கால்களை நிமிர்த்தி, தரையோடு ஒட்டிய அனல் காற்றுக்கு மேலே உடலை உயர்த்திக்கொண்டு நிற்கும்.

இவ்வளவு அழகையும் ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: என்னை அதிகம் ஈர்ப்பது அதன் புழுப்பருவம். செங்குத்தான வளைக்குள் வாழும் புழு, தட்டையான தலையையே மூடியாக்கி வாயிலை அடைத்துக்கொண்டு காத்திருக்கிறது. எறும்பு போன்ற ஏதேனும் எட்டும் தொலைவில் வந்தால், உடலைப் பின்புறமாக வளைத்துப் பாய்ந்து தாடைகளால் கவ்வி உள்ளே இழுத்துவிடும். இரை திமிறினாலும் புழு வெளியே இழுபடாது. முதுகின் புடைப்பில் உள்ள கொக்கிகள் வளைச் சுவரில் ஊன்றி நிற்கும். ஆனால் மெத்தோகா என்னும் குளவியின் இறக்கையற்ற பெண், அந்த வளைக்குள்ளேயே நுழைந்து புழுவைக் கொட்டி முடக்கி, அதன் மேல் முட்டையிடுகிறது.

அமெரிக்காவின் வடகிழக்குக் கடற்கரைப் புலிவண்டு, வளர்ந்த வண்டாக மணல்மேல் திரிவது ஒரு கோடைதான். அதற்கு முன் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள், அலை வந்து போகும் மணலுக்குள் புழுவாகக் கிடக்கிறது. மணலில் ஓடும் வண்டிகள் பறந்து தப்பக்கூடிய வண்டைவிட, ஓட வழியில்லாத இந்தப் புழுக்களையே அதிகம் அழித்தன. ஒரு காலத்தில் கூட்டங்கூட்டமாகக் காணப்பட்ட இவ்வினம் பல கரைகளிலிருந்து மறைந்து, 1990இல் அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவிக்கப்பட்டது. இன்று பெரும்பாலும் செசபீக் விரிகுடாவின் கரைகளில்தான் எஞ்சியிருக்கிறது.

பென்சில் நுழையுமளவான, விளிம்பு சீரான துளையைக் கண்டால் அருகில் அசையாமல் உட்காருங்கள். நம் நிழல் பட்டதும் புழு உள்ளே இறங்கிவிடும். துளை கறுப்பாகத் தெரியும். பிறகு, சத்தமின்றி, அந்தக் கறுப்பு மணல் நிறமாகிவிடும்.