முதலில் தாயாரிடம்: திருவரங்கத்தில் பங்குனி உத்திரம்

திருவரங்கத்துத் தாயாரான ஸ்ரீரங்கநாச்சியாரைப் படிதாண்டாப் பத்தினி என்பார்கள். தாயார் தன் பிராகாரத்தை விட்டு வெளியே எழுந்தருளுவதில்லை. உற்சவரான நம்பெருமாள்தான் தேடி வர வேண்டும். அப்படி வந்து இருவரும் ஒன்றாக அமர்ந்து சேவை சாதிப்பது வருஷத்தில் ஒரே நாள், பங்குனி உத்திரம். சேர்த்தி சேவை என்று பெயர். இந்தச் சேர்த்தியின் முன்னால்தான் ராமாநுஜர், அடைக்கலம் கேட்கும் வடமொழி உரைநடைப் பிரார்த்தனையான சரணாகதி கத்யத்தை விண்ணப்பம் செய்தார் என்பது சம்பிரதாயம். இன்றைக்கும் அதே இடத்தில் அதே நாளில் அது உட்பட அவருடைய மூன்று கத்யங்கள், கத்யத்ரயம், சேவிக்கப்படுகிறது.

பிரபத்தி என்கிற சரணாகதி, புருஷகாரம், ஆகிஞ்சன்யம், கார்ப்பண்யம் என்றெல்லாம் சம்பிரதாயப் பாடங்களான காலக்ஷேபங்களில் நிறையக் கேட்டிருக்கிறேன். அர்த்தமும் ஓரளவு தெரியும். ஆனால் அவையெல்லாம் ஒரு உற்சவமாக, கண் முன்னால் நடப்பதைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அதற்காகவே போனேன்.

அன்று முதலில் நடப்பது சண்டை. ஆதிபிரம்மோற்சவத்தின் ஆறாம் நாள் நம்பெருமாள் உறையூருக்குப் போய் அங்கிருக்கும் தேவியான கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டருளியிருக்கிறார். அந்தச் செய்தி இங்கே தாயாருக்கு எட்டிவிட்டது. பெருமாள் வருகிறார், கதவு அடைபடுகிறது. பல்லக்கு பின்வாங்குகிறது, மறுபடி நெருங்குகிறது, மறுபடி கதவு. பல்லக்கைச் சுமக்கும் ஸ்ரீபாதம்தாங்கிகளின் தோள்களில் வியர்வை வழிகிறது. அவர்கள் ஒவ்வொரு முறை முன்னேறும்போதும் கூட்டம் மொத்தமும் ‘ரங்கா ரங்கா’ என்று எம்புகிறது. இந்த ஊடல்தான் பிரணயகலகம், பேச்சுவழக்கில் மட்டையடி. பெருமாள் கட்சி, தாயார் கட்சி என்று இரண்டு பக்கத்து வாதமும் படிக்கப்படுகிறது. கடைசியில் நம்மாழ்வார் வந்து சமாதானம் பேசுகிறார். உலகத்துக்கே நாயகனானவன் ஒரு கதவுக்கு வெளியே வெயிலில் நிற்கிறான். எளியவர்க்கும் எளியவனாக இருக்கும் சௌலப்யம் என்ற குணத்தைப் பற்றி எத்தனை உபன்யாசம் கேட்டாலும், இந்தக் காட்சியைப் பார்த்த பிறகு மனசில் இறங்குவதுபோல இறங்காது.

சேவைக்கு வரிசை நீளமாக நின்றது. எனக்கு முன்னால் ஒரு வயதான மாமி, கையில் துளசி சுற்றிய சின்னப் பொட்டலம். ஊர்க்காரர். நான் கத்யப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “முதல்ல தாயார்கிட்ட சொல்லிடுப்பா, மத்ததை அவ பாத்துப்பா” என்றார்.

“மாமி, நீங்க சொல்றதைத்தான் ராமாநுஜர் இதுல முதல் பக்கத்துலயே வச்சிருக்கார்” என்றேன்.

“பின்ன? உடையவரும் அப்படித்தானே பண்ணினார்” என்று ராமாநுஜரைக் குறிப்பிட்டுச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

பெருமாளிடம் நமக்காகத் தாயார் பரிந்து பேசும் புருஷகாரம் என்பது அதுதான். சரணாகதி கத்யம் பெருமாளிடம் ஆரம்பிப்பதில்லை. ராமாநுஜர் முதலில் தாயாரான பிராட்டியின் திருவடியில் விழுந்து, வேறு கதியில்லாத எனக்குச் சரணாகதி பலிக்க வேண்டும் என்று கேட்கிறார். பிராட்டி ‘அஸ்து தே’ என்கிறாள். உனக்கு அப்படியே ஆகட்டும். அதற்குப் பிறகுதான் பெருமாள் பக்கம் திரும்புகிறார். தப்பு செய்த குழந்தை அப்பாவிடம் போவதற்கு முன் அம்மாவின் முந்தானையைப் பிடிப்பதுபோல என்று எல்லோரும் சொல்வதுண்டு, அது உண்மைதான். ஆனால் எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறு. பதில் வருகிறது. பிரார்த்தனை ஒரு பக்கமாகவே முடிந்துபோகாமல், தாயாரும் பேசுகிறாள், பெருமாளும் பேசுகிறார்.

கேட்பவர் யார் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பிரம்மசூத்திரத்துக்கு ஸ்ரீபாஷ்யம் எழுதியவர். அந்த நூலில் பக்தியை எவ்வளவு உயரத்தில் வைக்கிறார்! எண்ணெய் ஒழுக்குப்போல அறுபடாத நினைவு, துருவானுஸ்மிருதி. அதற்கு ஏழு சாதனங்கள்: விவேகம், விமோகம், அப்யாசம், கிரியை, கல்யாணம், அனவசாதம், அனுத்தர்ஷம். உணவுச் சுத்தியில் தொடங்குகிறது அந்த வரிசை. கடைசி இரண்டும் மனம் சோர்ந்துபோகாமலும் சந்தோஷத்தில் துள்ளாமலும் இருப்பது. யோகம் என்றால் ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் என்று நினைக்கிறவர்கள் இந்த இரண்டை மட்டும் ஒரு வாரம் முயன்று பார்க்கலாம். இந்த பக்தியோகத்தை இத்தனை நுணுக்கமாக விளக்கியவரே, ரங்கநாதன் முன்னால் கையைக் கூப்பி, என்னிடம் ஒன்றுமில்லை என்கிறார். ஆகிஞ்சன்யம்.

கத்யத்தில் என்னை நிறுத்திவிடும் இடம் ஒன்று உண்டு. செய்த பிழைகள், செய்துகொண்டிருக்கும் பிழைகள், இனி செய்யப்போகும் பிழைகள் எல்லாவற்றையும் மன்னிக்க வேண்டும் என்று கேட்கிறார். கிருதான், கிரியமாணான், கரிஷ்யமாணான். இனிமேல் தப்பே செய்யமாட்டேன் என்ற சத்தியம் அங்கே இல்லை. தன் மனசின் லட்சணம் தனக்குத் தெரிந்த ஒருவரால்தான் இப்படிக் கேட்க முடியும். கார்ப்பண்யம் என்பது தன்னைத் தானே திட்டிக்கொள்வதல்ல. உள்ளதை உள்ளபடி வைப்பது. சேர்ந்து ஓதும் கோஷ்டியில் அந்த வரி வந்தபோது பக்கத்தில் நின்றிருந்த ஒருவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

சரணாகதியின் ஆறு அங்கங்களில் மகாவிசுவாசம் ஒன்று. ‘நிச்சயம் ரட்சிப்பான்’ என்ற நம்பிக்கை. இதைப் பற்றி எழுத இந்தக் கோயிலைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 1323-ல் டில்லிப் படை வந்தபோது நம்பெருமாளே ஊரை விட்டுப் போக வேண்டியிருந்தது. வைணவ ஆசாரியரான பிள்ளை லோகாசாரியார் முதுமையில் அவரை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு காடு வழியாகப் போனார். மதுரைப் பக்கம் ஜோதிஷ்குடியில் பரமபதித்தார். பெருமாள் திரும்பி வந்தது 1371-ல். நாற்பத்தெட்டு வருஷம்! கோயில் சூறையாடப்பட்ட பிறகும், பெருமாள் எங்கே இருக்கிறார் என்றே தெரியாத காலத்திலும், ரட்சகன் அவனே என்று இருந்திருக்கிறார்கள். லோகாசாரியார் தன் ஸ்ரீவசனபூஷணத்தில் புருஷகாரத்தைத்தான் முதலில் பேசுகிறார் என்பதை இதோடு சேர்த்து வைத்துப் பார்க்கிறேன். தத்துவமாக மட்டும் அதை எழுதிவிட்டுப் போனவர் இல்லை அவர்.

சேர்த்தியில் சேவிக்கக் கிடைப்பது சில நொடிதான். மாமி சொன்னபடி தாயாரை முதலில் பார்த்தேன். சண்டை போட்ட சுவடே இல்லாத முகம். பக்கத்தில் நம்பெருமாள், அந்த வழக்கமான புன்னகை. கேட்க நினைத்திருந்தது எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. தீர்த்தம், சடாரி, அப்புறம் பின்னாலிருந்து தள்ளு. வெளியே வந்து கம்பர் மண்டபத்துப் பக்கம் உட்கார்ந்து கத்யத்தின் கடைசிப் பகுதியைப் படித்தேன். பெருமாள் சொல்லும் பதில் அங்கேதான் வருகிறது. சரணாகதி மந்திரமான துவய மந்திரத்தை அர்த்தத்தோடு சொல்லிக்கொண்டு, சரீரம் விழும்வரை, ‘அத்ரைவ ஸ்ரீரங்கே ஸுகமாஸ்வ’. இங்கேயே ஸ்ரீரங்கத்தில் சுகமாக இரு.

சும்மா இரு என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ள முடியாது. ராமாநுஜர் சும்மா இருக்கவில்லை. இந்தக் கோயிலின் நிர்வாகத்தைச் சீர்செய்தார், யார் யாருக்கு என்ன கைங்கர்யம் என்று வகுத்தார். மோட்சத்துக்கான பாரத்தை இறக்கி வைத்தாகிவிட்டது. இனி செய்வதெல்லாம் அதை வாங்குவதற்கான விலை இல்லை, அவனுக்கான தொண்டு. சரணடைந்தவனான பிரபன்னனுக்கு மிச்சமிருக்கும் வாழ்க்கை முழுக்க கைங்கர்யம் என்பது இதனால்தான். அன்று குடிநீர் எடுத்துக் கொடுத்த பையன்களும், தழை தழையாகத் துளசி சுமந்து போனவர்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

பங்குனி உத்திரத்துக்குப் போகிறவர்கள் அப்படியே உடையவர் சன்னிதிக்கும் போய் வாருங்கள். அவருடைய உடலே என்று போற்றப்படும் ராமாநுஜரின் தானான திருமேனி அங்கேதான் எழுந்தருளியிருக்கிறது. ‘இங்கேயே இரு’ என்ற வார்த்தையை அவர் எவ்வளவு முழுசாக எடுத்துக்கொண்டார் என்று அங்கே நின்றால் தெரியும். போவதற்கு முன் சரணாகதி கத்யத்தை ஒரு தடவை அர்த்தத்தோடு படித்துவிடுங்கள். முழுக்க முடியாவிட்டால் ஆரம்பத்தில் வரும் தாயார் பகுதியையாவது. சின்னதுதான், வரிசையில் நிற்கும்போதே படித்துவிடலாம்.