அல்சூர் – ஒயிட்ஃபீல்டு வயர்கார்டு: 148 போகிறது, 92 வரவில்லை

பெங்களூருவின் அல்சூர் வீட்டில் ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினி, அதோடு 2 டிபி வெளி டிஸ்க். ஒயிட்ஃபீல்டு ஃபிளாட்டில் உபுண்டு டெஸ்க்டாப். டெஸ்க்டாப்பில் உள்ள போட்டோக்களும் ஆவணங்களும் இரவில் ஒருமுறை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் வழியாக அல்சூர் டிஸ்க்குக்குப் போய்ச் சேர வேண்டும், தேவை அவ்வளவுதான். நடுவில் வயர்கார்டு, இரண்டு இயந்திரங்களுக்கிடையே இணையத்தின் மேல் மறைகுறியாக்கிய டன்னல் போடும் விபிஎன் மென்பொருள். டன்னல் முகவரிகள் 10.44.0.1, 10.44.0.2. டன்னல் வழியாக எந்த முகவரிகள் போகலாம் என்று சொல்லும் அலவ்டு ஐபிஸ் வரியில் எதிர்ப்பக்கத்தின் ஒற்றை முகவரி மட்டும், /32. இரண்டு வீட்டு ரவுட்டரும் 192.168.1.1 தான். வீட்டு நெட்வொர்க்கை டன்னலுக்குள் விடவில்லை என்பதால் மோதல் இல்லை. முழு வீட்டையும் இணைக்க நினைப்பவர்கள் ஒரு வீட்டின் எண்ணை மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

ஐபிவி4 வழி தொடக்கத்திலேயே அடைபட்டது. ரவுட்டரின் இணையப் பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் அது சிஜிநாட், அதாவது பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிரும் ஏற்பாடு. வெளியிலிருந்து உள்ளே வர வழியில்லை, போர்ட் ஃபார்வர்டு போட்டும் பயனில்லை. இங்கே இரண்டு வீட்டிலும் அதே கதை. மாதக் கட்டணம் கட்டினால் ஸ்டேட்டிக் ஐபி என்ற மாறாத முகவரி கிடைக்கும். ஆனால் இரண்டு இணைப்பிலும் ஐபிவி6 சும்மாவே வருகிறபோது அதற்குக் காசு கொடுப்பானேன்? எண்ட்பாயின்ட், அதாவது மறுமுனையின் வெளி முகவரி, இரண்டு பக்கமும் ஐபிவி6, யூடிபி போர்ட் 51820.

டன்னல் எழவில்லை. வயர்கார்டிடம் பிழைச் செய்தியை எதிர்பார்ப்பது வீண். சாவி பொருந்தாத பாக்கெட்டுக்கு அது பதிலே சொல்லாது. போர்ட் ஸ்கேன் செய்பவருக்கு அங்கே ஒன்றும் இல்லாதது போலத் தெரிய வேண்டும் என்றே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஆனால் பாக்கெட்டின் நீளம் வெளியே தெரியும். இரண்டு முனையிலும் வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பைத் திறந்து 51820-ஐ மட்டும் வடிகட்டினால் மூன்று எண்களே போதும்: கைகுலுக்கல் கோரிக்கை 148 பைட், அதற்கான பதில் 92, உயிர்ப்புப் பாக்கெட் 32.

ஒரு முனையிலிருந்து ஐந்து விநாடிக்கு ஒருமுறை 148 கிளம்பி, மறுமுனையில் எதுவும் தெரியாவிட்டால் வழியில் தடை. 148 வந்து சேர்ந்தும் 92 கிளம்பாவிட்டால் அந்த இயந்திரம் பாக்கெட்டை ஏற்கவில்லை: காரணம் சாவி, அனுப்பியதன் கடிகாரம், அல்லது பெற்றதன் சொந்த ஃபயர்வால். கடைசியாகச் சொன்னதைப் பலர் தவறவிடுகிறார்கள். டிசிபிடம்ப் பாக்கெட்டைப் பார்ப்பது ஃபயர்வாலுக்கு முன்னால். ஆகவே உபுண்டுவின் ஃபயர்வாலான யூஎஃப்டபிள்யூ தடுத்த பாக்கெட்டும் திரையில் வந்த மாதிரியே தெரியும். 92 கிளம்பியும் மறுமுனைக்கு வரவில்லை என்றால் திரும்பும் வழியைத் தேட வேண்டும். கைகுலுக்கல் முடிந்தும் பிங் போகாவிட்டால் அலவ்டு ஐபிஸ் வரியைப் பாருங்கள். லினக்ஸில் ‘ரிக்வயர்டு கீ நாட் அவெய்லபிள்’ என்று வந்தால் சாவியில் குறை இல்லை, அந்த முகவரி எந்தப் பியரின் (மறுமுனையின்) அலவ்டு ஐபிஸ் பட்டியலிலும் இல்லை என்று பொருள்.

இங்கே 148 இரண்டு பக்கமும் கிளம்பியது, எங்கும் வந்து சேரவில்லை. ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் வெளியிலிருந்து தானாக வருவதை மறிக்கிறது. ஒயிட்ஃபீல்டு ரவுட்டரில் அதற்கு விலக்கு சேர்க்க மெனுவே இல்லை. மெனு இல்லாமலும் வேலை நடக்கும். ஐபிவி6-இல் நாட் (ரவுட்டர் முகவரியையும் போர்ட்டையும் மாற்றி எழுதுவது) இல்லாததால் போர்ட் எண் வழியில் மாறாது. இரண்டு பக்கமும் லிசன் போர்ட் 51820 என்று உறுதியாக எழுதி, இரண்டு பக்கமும் எண்ட்பாயின்ட் கொடுத்து, 25 விநாடிக்கு ஒருமுறை உயிர்ப்புப் பாக்கெட் அனுப்பும்படி பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 வைத்துவிட்டால் போதும். இரு முனையும் வெளியே அனுப்பும் பாக்கெட்டே அதனதன் ரவுட்டரில் திரும்பும் பதிலுக்கான கதவைத் திறந்து வைக்கும். எதிர்முனையின் 148 அந்தக் கதவு வழியாக உள்ளே வரும்.

அப்படி வைத்தும் வரவில்லை. இந்த முறை காரணம் உபுண்டுவின் தற்காலிக ஐபிவி6 முகவரி. தனியுரிமைக்காக அது அவ்வப்போது புது முகவரி உருவாக்கி, வெளியே போகும் பாக்கெட்டை அதிலிருந்து அனுப்புகிறது. பை எதிர்பார்ப்பதோ நிலையான முகவரியை. இரண்டும் வேறானால் ரவுட்டரில் திறந்த கதவு ஒன்று, பாக்கெட் தட்டுகிற கதவு வேறொன்று. நெட்வொர்க் மேனேஜரில் அந்த இணைப்புக்கு மட்டும் ஐபிவி6 தனியுரிமை நீட்சியை அணைத்ததும் 92 வந்தது.

அடுத்தது எம்டியு, ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பு. பிங் ஓடியது, எஸ்எஸ்ஹெச் உள்ளே விட்டது, ஆர்சிங்க் மட்டும் முதல் பெரிய கோப்பிலேயே உறைந்து நின்றது. சின்ன பாக்கெட் போய்ப் பெரியது தொலைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. வயர்கார்டு வழக்கமாக எடுத்துக்கொள்வது 1420. மேலே ஐபிவி6 தலைப்பு 40, யூடிபி 8, வயர்கார்டின் சொந்தச் சுமை 32. கூட்டினால் சரியாக 1500. ஆனால் ஒயிட்ஃபீல்டு இணைப்பு பிபிபிஓஇ என்ற வகை, அது தனக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் அதில் 1492-க்கு மேல் நுழையாது. ‘பாக்கெட் பெரிது’ என்ற ஐசிஎம்பிவி6 செய்தி திரும்பி வந்தால் சமாளிக்கலாம், வழியில் யாரோ அதை விழுங்கினால் மௌனம்தான். இதே 1420 ஐபிவி4 மேல் ஓடியிருந்தால் மொத்தம் 1480, பிரச்சினையே தெரிந்திருக்காது. துண்டாக்கத் தடை போட்டு டன்னல் வழியாக 1392 பைட் பிங் அனுப்பினால் (தலைப்பு 28 சேர்த்து 1420) பதில் இல்லை. 1492-இலிருந்து மேற்சுமை 80-ஐக் கழித்தால் 1412. இரண்டு முனையின் கோப்பிலும் எம்டியு 1412 என்று எழுதியாயிற்று. ஒரு முனையில் மட்டும் எழுதினால் மறுமுனை பெரிய பாக்கெட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

மழைக்காலத்து பெங்களூருவில் கரண்ட் போய் வந்தால் இன்னொன்று கவனிக்க வேண்டும். பை 4-இல் பேட்டரிக் கடிகாரம் கிடையாது, எழும்போது பழைய நேரத்தோடு எழும். 148-க்குள் ஒரு நேர முத்திரை இருக்கிறது. முன்பு பார்த்ததைவிடப் பழைய முத்திரை வந்தால் மறுமுனை அதைப் பழைய பாக்கெட்டின் மறு ஒளிபரப்பு என்று ஒதுக்கிவிடும். இணையத்திலிருந்து நேரத்தைப் பெறும் என்டிபி டன்னலுக்கு வெளியே ஓடினால், நேரம் திருந்தியதும் தானே சரியாகும். அலவ்டு ஐபிஸில் 0.0.0.0/0 போட்டு எல்லாவற்றையும் டன்னலுக்குள் தள்ளியவர்களுக்கு நேரம் இல்லாமல் டன்னல் இல்லை, டன்னல் இல்லாமல் நேரம் இல்லை. பை 5-இல் கடிகாரச் சுற்று உண்டு, பேட்டரியைத் தனியாக வாங்கிச் செருக வேண்டும்.

மிச்சம் இருப்பது முகவரி மாற்றம். ரவுட்டர் மறுபடி இணையும்போது ஐபிவி6 முன்னொட்டு, அதாவது முகவரியின் முன்பகுதி, மாறுகிறது. மாறும் முகவரியை ஒரு பெயரோடு இணைத்து வைக்கும் டைனமிக் டிஎன்எஸ் ரவுட்டரிலேயே உண்டு, ஆனால் இங்கே உதவாது, அது தன் முகவரியைப் பதியுமே தவிரப் பையின் முகவரியை அல்ல. ஆகவே இரண்டு இயந்திரத்திலும் தனித்தனி டைனமிக் டிஎன்எஸ் கிளையன்ட், பதிலை நினைவில் வைத்திருக்கும் காலமான டிடிஎல் 60 விநாடி. வயர்கார்டு பெயரைத் தொடங்கும்போது ஒரே ஒருமுறைதான் தேடும். அதனால் வயர்கார்டு டூல்ஸ் மூலக்கோப்புகளோடு வரும் மறுதேடல் ஸ்கிரிப்டை 30 விநாடிக்கு ஒருமுறை ஓடும் சிஸ்டம்டி டைமரில் (லினக்ஸின் நேர அட்டவணை வசதி) கட்டியிருக்கிறது. கடைசிக் கைகுலுக்கலுக்கு 135 விநாடி கடந்திருந்தால் மட்டுமே அது பெயரை மறுபடி தேடும். அல்சூரில் டைமர் ஓடுகிறது, ஒயிட்ஃபீல்டில் இன்னும் போடவில்லை.