இரண்டு பெட்டிக்குள் அடங்காத பொருள்

இந்த நாட்டுக்கு வந்த முதல் ஆண்டு முழுவதும் எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. இரண்டு பெட்டிகளுக்குள் அடங்காத எதையும் வாங்குவதில்லை. விசா நீளுமா, வேலை நிலைக்குமா என்று தெரியாத நாட்கள் அவை. சன்னலில்கூடத் திரைச்சீலை கிடையாது. படுக்கை விரிப்பு ஒன்றை ஆணியில் மாட்டியிருந்தோம், கிளம்பும் நாளில் மடித்து எடுத்துக்கொள்ளலாம் என்று.

கீழ்வீட்டு மூதாட்டி வீட்டைக் காலி செய்தபோது, பூந்தொட்டி வைத்திருந்த மேசை ஒன்றைக் காட்டி, வேண்டுமா என்று கேட்டார். தொட்டியை நகர்த்திப் பலகையைத் தூக்கினேன். உள்ளே கறுப்புத் தையல் மிஷின் ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே வார்ப்பிரும்பு மிதி. தையல்காரியின் மகள் நான். அப்படிப்பட்ட மிதியின் பூவேலை இடுக்குகளில் விரலை நுழைத்து விளையாடி வளர்ந்தவள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. மிஷின் தலையைக் கழற்றி நான் சுமக்க, இரும்புக் காலை என் கணவர் ஒவ்வொரு படியிலும் இறக்கி வைத்து மாடிக்கு ஏற்றினார்.

அடிப்பலகையின் வலது ஓரத்தில் ‘ஒய்’ என்ற எழுத்தில் தொடங்கும் வரிசை எண். சிங்கர் நிறுவனம் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் 1920களிலும் 1930களின் தொடக்கத்திலும் செய்தவற்றுக்கு இட்ட எழுத்து அது. அந்த ஆலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. இது 15ஆம் மாடல். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானிய ஆலைகள் பலவும் இதே அமைப்பை நகலெடுத்தன. அம்மாவின் மிஷினில் வேறு பெயர் பொறித்திருந்தாலும் உள்ளே இருப்பது இதேதான். அடிநூல் சுற்றும் பாபினும் ஊசியும் இன்றும் எளிதாகக் கிடைப்பதற்கும் அதுதான் காரணம்.

கைச்சக்கரம் அசையவே இல்லை. அழுத்தித் திருப்பப் போவதாகத் தொலைபேசியில் சொன்னதும் அம்மா பதறினார். “பலத்தைக் காட்டாதே கண்ணு. எண்ணெய் விட்டுவிட்டுத் தூங்கப் போ.” பல ஆண்டு பயன்படுத்தாமல் விட்டால் பழைய எண்ணெய் காய்ந்து பழுப்புப் பிசினாக இறுகிவிடும். இரும்போடு இரும்பு உரசும் ஒவ்வோர் இடத்திலும், ஒவ்வோர் எண்ணெய்த் துளையிலும் மண்ணெண்ணெய்த் துளிகளை விட்டுக் காத்திருந்தேன். மூன்றாம் நாள் இரவு சக்கரம் ஒரு விரற்கடை நகர்ந்தது. மெல்ல முன்னும் பின்னும் ஆட்டினேன். கறுத்த கசடு கசிந்து வந்தது. துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. முழுச் சுற்று சுற்றியதும் மண்ணெண்ணெயைத் துடைத்துவிட்டு மிஷின் எண்ணெய் விட்டேன். மண்ணெண்ணெய் பிசினைக் கரைக்கும், ஆனால் தேய்மானத்தைத் தடுக்காது.

ஒரு தவறும் செய்தேன். பளபளப்பு வரட்டும் என்று ஸ்பிரிட் தொட்டுத் துடைத்ததில், பொன்னிறக் கொடிவேலையின் ஒரு நுனி பஞ்சோடு வந்துவிட்டது. அதன் மேல்பூச்சு அரக்கு, ஸ்பிரிட்டில் கரையும். இன்னும் அந்த இடத்தைப் பார்த்தால் மனம் சங்கடப்படுகிறது. அதன்பின் எண்ணெய் தொட்ட பஞ்சைத் தவிர எதுவும் அதன்மேல் படவில்லை.

அறுந்துபோன தோல்வாருக்குப் பதில் புதிதாக ஒன்று மாட்டினோம். ஊசியில்தான் அடுத்த சிக்கல். புதிய மிஷின்களில் ஊசியின் தட்டைப் பக்கம் பின்னால் இருக்கும். இதில் இடப்பக்கம் இருக்க வேண்டும், நூலை வலமிருந்து இடமாகக் கோக்க வேண்டும். அது தெரியும்வரை ஒரு தையல்கூட விழவில்லை. விழத் தொடங்கியதும் நூல் சுருண்டு கொத்தாகச் சேர்ந்தது.

“சுருள் துணிக்கு மேலேயா, அடியிலா?” என்றார் அம்மா.

“அடியில்.”

“அப்படியென்றால் குறை மேல்நூலில்.”

மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே மடித்த துணி நுனியை விட்டு இழுத்தேன். யாரோ எப்போதோ தைத்த நீல நூலின் துணுக்கு ஒன்று வெளியே வந்தது. தையல் நேரானது.

பிறகு தொலைபேசியை மிஷின் பலகைமேல் வைக்கச் சொல்லிவிட்டு, “மிதி” என்றார். மிதித்தேன். மறுமுனையில் நீண்ட நேரம் பேச்சே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தபோது குரல் வந்தது. “டொக்கென்று ஒரு சத்தம் கேட்கிறதே. ஊசி பலமுறை இறங்குவதற்கு ஒருமுறைதான் தட்டுகிறது, கீழே பெரிய சக்கரம் சுற்றும் கணக்கில். அப்படியானால் கோளாறு தலையில் இல்லை, காலில்.” குனிந்து பார்த்தேன். மிதியையும் பெரிய சக்கரத்தையும் இணைக்கும் தண்டின் திருகு தளர்ந்திருந்தது. இறுக்கியதும் சத்தம் நின்றது. அத்தனை கடல்களுக்கு அப்பாலிருந்து, காதை மட்டும் வைத்துக் கண்டுபிடித்தார்.

முதலில் தைத்தது சன்னலுக்குத் திரைச்சீலை. ஆணியிலிருந்து விரிப்பைக் கழற்றிவிட்டு அளவெடுத்தேன்.

“ஓரத்தை இரண்டாக மடித்தாயா?”

“மடித்தேன் அம்மா.”

“கீழ்மடிப்பை அகலமாக விடு. நாலைந்து வருடம் துவைத்தால் துணி சுருங்கும், பிரித்து இறக்கிக்கொள்ளலாம்.”

நான்கு விரல் அகலம் விட்டுத் தைத்தேன்.