போகலாம், திரும்பி வர முடியாது

ஜூலை முழுக்க வட துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்வால்பார்டு தீவுகளில் வாத்துகளின் காலில் அடையாள வளையம் மாட்டிவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறவர்கள் எல்லாரும் குளிர் எப்படி என்றுதான் கேட்கிறார்கள். குளிரை விடுங்கள். ஜனவரி உறைபனியில் தேயிலைச் செடி கருகுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அங்கே ஜூலையில் இருக்கிற ஐந்தாறு டிகிரி பெரிய விஷயமில்லை. காற்றுதான் கொஞ்சம் படுத்தும். என்னை நிஜமாகப் படுத்தியது பாஸ்போர்ட்டின் ஒரு பக்கத்தில் இருந்த ஓர் எண்.

ஆய்வுக் குழுவில் சேர்ந்தது, திட்டத்தைப் பதிவு செய்தது, பறவையைப் பிடிக்க அங்குள்ள ஆளுநர் அலுவலகத்தில் அனுமதி வாங்கியது எல்லாம் குழுத் தலைவர் பார்த்துக்கொண்டார். எனக்கு விழுந்தது விசா, இன்ஷூரன்ஸ், போலீஸ் சான்றிதழ் மூன்றும்தான்.

நாங்கள் தங்கவேண்டிய இடம் நி-ஓலெசுண்ட். ஏறக்குறைய 79 டிகிரி வடக்கு. நம் நாட்டின் ஹிமாத்ரி ஆய்வு நிலையமும் 2008 முதல் அங்கேதான் இருக்கிறது. ஸ்வால்பார்டு நார்வேயின் ஆட்சிக்கு உட்பட்டது, ஆனால் ஷெங்கன் எல்லைக்கு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்துக்கு, வெளியே. அங்கே கால் வைக்க விசாவே வேண்டாம். ஆனால் நாங்கள் நார்வே தலைநகர் ஓஸ்லோ வழியாகத்தான் போகவேண்டும், வரவேண்டும். அதாவது ஷெங்கனுக்குள் ஒருமுறை நுழைந்து, வெளியேறி, ஊர் திரும்பும்போது இன்னொருமுறை நுழைகிறோம். விசாவில் இரண்டு நுழைவு இருந்தே ஆகவேண்டும்.

இது எனக்குத் தெரியும். விண்ணப்பத்தில் சரியாகத்தான் டிக் செய்திருந்தேன். ஏப்ரல் கடைசியில் மேட்டுப்பாளையத்தில் ரயிலேறிச் சென்னை போய், விசா மையத்தில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். கவுண்டரில் இருந்தவர் பயணத் திட்டத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாமே நார்வேதானே? அப்புறம் எதுக்கு ரெண்டு என்ட்ரி? தேவையில்லாம கேட்டா ரிஜெக்ட் ஆயிடும்" என்றார். ஸ்வால்பார்டு வேறு கணக்கு என்று விளக்கப் பார்த்தேன். கூகுள் மேப்பைத் திறந்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். நார்வே என்றுதான் போட்டிருந்தது. பின்னால் நாற்பது பேர் வரிசையில். "சரி மேடம்" என்று சொல்லிவிட்டேன். அவர் நீட்டிய பேனாவால் நானே டிக்கை அடித்து மாற்றிக் கையெழுத்தும் போட்டேன். அந்த "சரி மேடம்"தான் இன்றைக்கும் எரிகிறது.

மூன்று வாரம் கழித்து பாஸ்போர்ட் வந்தது. வந்தது என்றால் வீட்டுக்கு இல்லை. எஸ்டேட் முகவரிக்கு டெலிவரி கிடையாது என்று கூரியர்காரர்கள் கையை விரித்ததால், கோயம்புத்தூர் போய் வாங்கினேன். காந்திபுரத்தில் டீக்கடை வாசலில் நின்றபடியே கவரைப் பிரித்தேன். நுழைவுகளின் எண்ணிக்கை: 01. போகலாம், திரும்பி வர முடியாது.

மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம். பழைய பணம் திரும்பாது, வாதாடிப் பார்க்கவேண்டாம். ஜூன் தொடக்கத்தில் ஒரே ஒரு நாளுக்கு ஸ்லாட் கிடைத்தது. அன்று சாயங்காலம் பஸ் குஞ்சப்பனை தாண்டியதும் நின்றுவிட்டது. பலா சீசன். ரோட்டோரத்தில் ஒரு பெண் யானை காலால் பழத்தை மிதித்துப் பிளந்து குட்டிக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. டிரைவர் எஞ்சினை அணைத்தார், ஹாரன் அடிக்க வந்த பின்வண்டிக்காரரைக் கை காட்டி அடக்கினார், பீடியை எடுத்தார். முக்கால் மணி நேரம். வேறொரு நாள் என்றால் ரசித்துக் குறிப்பு எழுதியிருப்பேன். மேட்டுப்பாளையம் பிளாட்பாரத்தில் ஓடியபோது கார்டு கொடியைக் காட்டிக்கொண்டிருந்தார்.

இந்தமுறை வேறு கவுண்டர். குழுத் தலைவரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கிப் போயிருந்தேன்: எந்தத் தேதியில் ஷெங்கனை விட்டு வெளியேறுகிறேன், எந்தத் தேதியில் மறுபடி நுழைகிறேன், ஏன். அதைப் படித்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. போகிறவர்கள் முதல் தடவையே இந்தக் கடிதத்தை வைத்துவிடுங்கள். இரண்டு நுழைவு என்கிற வரியை மஞ்சள் மார்க்கரில் அடித்துவைத்தாலும் தப்பில்லை.

இன்ஷூரன்ஸும் அப்படியே. விசாவுக்குக் கேட்பது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு. ஏஜென்ட் விற்ற பாலிசி அதற்குப் போதும். ஆனால் ஸ்வால்பார்டில் களத்தில் ஆள் காணாமல் போனால் ஹெலிகாப்டரில் தேடி மீட்கிற செலவுக்கும் காப்பீடு வேண்டும். ஏஜென்ட் "எல்லாம் கவர் ஆகும்மா" என்றார். பாலிசியின் பதினொன்றாம் பக்கத்தில் அது ஆகாது என்று பொடி எழுத்தில் இருந்தது. தனியாக இன்னொன்று எடுத்தேன்.

போலீஸ் சான்றிதழ் துப்பாக்கிக்காக. பனிக்கரடி இருப்பதால் குடியிருப்பைத் தாண்டும் குழுவில் துப்பாக்கி இருக்கவேண்டும், அதற்குப் பயிற்சியும் உண்டு. விசாரணைக்கு வந்த ஏட்டையா, "கரடிக்கா? இங்க தேயிலைக்குள்ளயே தினம் சுத்துதே, அதுக்கு யாரும் துப்பாக்கி கொடுக்க மாட்டேங்கறாங்களே" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மூன்றில் சுலபமாக முடிந்தது இதுதான். பயிற்சியில் சொன்னதும் நம் பஸ் டிரைவர் செய்ததுதான்: முதலில் விலகு, வழி விடு, மிரட்ட ஒளிக்குண்டு, சுடுவது கடைசிக்கும் கடைசி.

போன பிறகு சறுக்கியது முழுக்க என் தப்பு. நி-ஓலெசுண்டைச் சுற்றி 20 கிலோமீட்டருக்கு வைஃபை, புளூடூத் எதுவும் கூடாது. விண்வெளியின் மிகத் தொலைவிலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கேட்டுப் பூமியின் சுழற்சியை அளக்கிற ஆன்டெனாக்கள் அங்கே இருக்கின்றன. நம் போன் பேசினால் அதன் காது அடைத்துப்போகும். விமானத்திலேயே போன் ஃபிளைட் மோடுக்குப் போய்விடும். இது தெரிந்தும், டேப்லெட்டை லேப்டாப்பில் இணைக்கிற கேபிளை கோத்தகிரி மேஜை டிராயரிலேயே விட்டுவிட்டுப் போனேன். மூன்று நாள் தரவையும் பார்த்துப் பார்த்துக் கையால் ஏற்றினேன். ராத்திரி உட்கார்ந்து என்று சொல்ல ராத்திரியும் இல்லை. நாலாம் நாள் சமையற்கூடத்தில் வேலை செய்தவர் தன் பழைய போன் கேபிளைக் கொடுத்தார். பொருந்திவிட்டது. கட்டிப்பிடிக்காத குறை.

வேலை நன்றாகப் போனது. ஜூலையில் பார்னகிள் வாத்துகளுக்கு இறக்கை இறகு உதிர்ந்துவிடும். கொஞ்ச நாளைக்குப் பறக்க முடியாது. அப்போதுதான் மெல்ல நடந்து ஓட்டி வலைப்பட்டிக்குள் சேர்க்கிறோம். வாத்தைக் கக்கத்தில் இடுக்கி, தலை பின்பக்கம் பார்க்க, கறுப்புக் காலை மட்டும் வெளியே இழுத்து வளையம் மாட்டவேண்டும். பயத்தில் அது முதலில் செய்வது நம் பேன்ட் மேல் பச்சையாகப் பீச்சுவதுதான். துவைத்தாலும் கறை போகாது, பழைய பேன்ட் எடுத்துப் போங்கள். ஆர்க்டிக் ஆலா என்கிற கடற்பறவையின் கூடுகள் பக்கம் நடந்தால் தலைக்கு மேல் ஒரு குச்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மண்டையை விட்டுவிட்டுக் குச்சியைக் கொத்தும்.

ஒரு விஷயம் சொல்லாமல் விட மனமில்லை. நி-ஓலெசுண்ட் ஒருகாலத்தில் நிலக்கரிச் சுரங்க ஊர். 1962 வெடிவிபத்தில் 21 பேர் இறந்த பிறகு சுரங்கத்தை மூடிவிட்டார்கள். நிலக்கரி இழுத்த குட்டி நீராவி எஞ்சினும் சில பெட்டிகளும் கடலோரத்தில் இன்னும் நிற்கின்றன. குன்னூர் ஷெட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரியே இருந்தது.

திரும்பும் வழியில் கடவுச்சீட்டுச் சோதனை. அதிகாரி புரட்டியதும் முதலில் கண்ணில் பட்டது ரத்து முத்திரை விழுந்த பழைய விசா. நிமிர்ந்து பார்த்தார். எனக்கு வயிறு கலங்கியது. அடுத்த பக்கம் பாருங்கள் என்றேன். 02. டக்கென்று குத்திக் கொடுத்துவிட்டார்.

வெளியே வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"கரடியப் பாத்தியா?"

"ஒண்ணுகூட இல்லம்மா."

"நேத்து குஞ்சப்பனையில மறுபடியும் பஸ்ஸ நிறுத்திருச்சாம். இந்த வாட்டி அஞ்சு."