ரீடிங்கை 5.5இலிருந்து 7க்கு ஏற்றிய ஒரு சொல்

நேற்று ஐ.இ.எல்.டி.எஸ் (ஆங்கிலத் திறன் பரீட்சை) ரிசல்ட் வந்தது. வாசிப்புப் பகுதியான ரீடிங்கில் 7. போன தடவை 5.5. மட்டக்களப்பு கல்லடி வீட்டில் என்னைவிட அம்மாதான் கூட அழுதார். ரீடிங் பேப்பரில் ஒருவகைக் கேள்வி உண்டு: ஒரு கூற்று பந்தியோடு ஒத்தால் 'ட்ரூ', முரண்பட்டால் 'ஃபோல்ஸ்', பந்தியில் சொல்லப்படவே இல்லை என்றால் 'நொட் கிவ்ன்' போடவேண்டும். நான் சொல்ல வந்தது 'இன்ஃபர்' (சொன்னதை வைத்து ஒரு முடிவுக்கு வருதல்) என்ற ஒரே ஒரு சொல்லைப் பற்றி.

முதல் தடவை என்னைக் கவிழ்த்தது 'நொட் கிவ்ன்'. இப்படி வைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் 'மாரி தொடங்கினால் வாவியில் தோணிகள் குறைகின்றன' என்று இருக்கிறது. கூற்று: 'மாரியில் மீனவர் வருமானம் குறைகிறது.' நான் யோசிக்காமல் 'ட்ரூ' போடுவேன். ஊரில் கண்ணால் கண்டதாயிற்றே! ஆனால் பந்தியில் வருமானம் என்ற பேச்சே இல்லை. தோணி குறைந்தால் மீன் விலை ஏறவும் கூடும். விடை நொட் கிவ்ன்.

இத்தனைக்கும் ஏ.எல்லில் (உயர்தரத்தில்) அளவையியல், அதாவது தர்க்கம், படித்தவள் நான். எடுகூற்றில் (முடிவுக்கு ஆதாரமான கூற்றில்) இல்லாத பதம் நியாயத்தொடையின் (கூற்றுகளிலிருந்து முடிவு காணும் வாதத்தின்) முடிவில் வரக்கூடாது என்பது தலைகீழ்ப் பாடம். அந்த அனுமானம்தான் இந்த இன்ஃபர் என்று பொறி தட்டவேயில்லை.

அப்புறம்தான் அகராதியைப் பார்த்தேன். இன்ஃபர், லத்தீன் 'இன்ஃபெர்ரே'யிலிருந்து வந்தது: உள்ளே கொண்டுவருதல். இம்ப்ளை (நேராகச் சொல்லாமல் உணர்த்துதல்), 'இம்ப்ளிகாரே': உள்ளே மடித்தல். எழுதியவர் மடித்து வைக்கிறார், வாசிப்பவர் அதைப் பிரித்து எடுக்கிறார். மடித்து வைக்காததை எப்படி எடுப்பது? நம்முடைய உய்த்துணர்தலிலும் உய்த்தல் என்றால் கொண்டுசெல்லுதல்தான். நூல் எழுத நன்னூல் சொல்லும் 32 உத்திகளில் கடைசி 'உய்த்துணர வைப்பு'. அது அப்படியே இம்ப்ளை! அன்று இரவு எனக்கு நித்திரையே வரவில்லை.

இரண்டாம் தடவை செய்தவை:
- ஒவ்வொரு கூற்றுக்கும் பந்தியில் பென்சில் முனையை வைத்தேன். வைத்த இடம் ஒத்துப்போனால் ட்ரூ, முரண்பட்டால் ஃபோல்ஸ். வைக்க இடமே இல்லையா, நொட் கிவ்ன்.
- 'இது எனக்குத் தெரியுமே' என்று தோன்றிய கேள்வியைத் திரும்ப வாசித்தேன்.
- வேகத்தை விட்டுவிட்டேன். நான் நிதானமாக வாசிக்கிறவள். 60 நிமிடத்தில் 40 கேள்விக்கும் ஓடியதில்தான் முதல் தடவை விழுந்தேன்.

ரைட்டிங்குக்கும் இது உதவும். கட்டுரையாளர் 'இம்ப்ளை' செய்கிறார், நாம் அதிலிருந்து 'இன்ஃபர்' செய்கிறோம், மாற்றி எழுதாதீர்கள். 'இன்ஃபர்' என்பதன் பின்னால் 'ஃப்ரொம்' வரும். 'இன்ஃபர்ட்' என்பதில் அழுத்தம் கடைசி அசையில் விழுவதால் இரண்டு ஆர். 'இன்ஃபரன்ஸ்' என்பதில் அழுத்தம் முன்னால் போய்விடும், அதனால் ஒரே ஆர்.